சாப்டியா என்று கேட்கிற உத்தியோகம்

நம்ம பக்கத்தில் "சாப்டியா?" என்று யாரைக் கேட்டாலும் சந்தோஷப்படுவார்கள், அதையே கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு கேட்டுப்பாருங்கள், வம்பு தேடி வரும். வீடு வீடாகக் கேள்வி கேட்டுச் செருப்பு தேய்ந்த அக்கா தங்கைகளே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும்.

இரண்டாயிரமாவது வருஷத்துக்கு அப்புறம், என் மகன் நடை பழகின சமயம், வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. குண்டாகிவிடுவோம் என்று பயந்து சோற்றை ஒதுக்குகிற வயசுப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க வெளிநாட்டுக் கேள்வித்தாள் ஒன்று. ஸ்பெயின் பிள்ளைகளிடம் அவர்கள் பாஷையில் கேட்டுச் சரிபார்த்தாயிற்றாம். தமிழில் சரிவருமா என்று பார்ப்பது எங்கள் பங்கு. நான் ஆம்பூரில் கேட்டு எழுதுவேன். பிறகு அதே பிள்ளைகளில் சிலரிடம் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா தனியாகப் பேசுவார். இரண்டும் ஒத்துப்போனால் தாள் நல்ல தாள். ஒத்துப்போகாவிட்டால், நிஜமாகவே நோய் உள்ள பிள்ளை நம் கையிலிருந்து நழுவிவிடும். அப்படி நழுவப் பார்த்தவள் மெர்சி. அவளிடம் வருகிறேன், அதற்குள் மற்றவர்கள் கதை.

ஊருக்கே வியாதி

"சாப்பிடச் சொல்லி மற்றவர்கள் உன்னை வற்புறுத்துகிறார்களா?" என்று ஒரு கேள்வி. நான் போன தெரு முழுக்க ஒரே பதில்: "எப்பவும்!" தாளைப் பார்த்த டாக்டரம்மா, "ஆம்பூர் மொத்தமும் அட்மிட் ஆகணும் போலிருக்கே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஷமீம் பாபி வீட்டில் அவர் மகளிடம் இதே கேள்வியைக் கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் பாபி என் தட்டில் மூன்றாவது கரண்டி பிரியாணி வைத்துவிட்டார். "போதும் பாபி, நீங்க இப்படி வற்புறுத்தறதைத்தான் கேக்கறாங்க" என்றேன். பாபி கரண்டியை நிறுத்தவில்லை. "இன்னாம்மா இது, வற்புறுத்தாம சோறு போட்டா அது வீடா, ஓட்டலா?"

விரதக் கணக்கு

ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற சுமதியைச் சாப்பாட்டு இடைவேளையில் பிடித்தேன். "வேணும்னே சாப்பாட்டைத் தவிர்க்கிறியாம்மா?"

"ஆமாக்கா. செவ்வா முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, கிருத்திகை வந்தா அதுவும்."

உடம்பு இளைக்கத்தானா என்று மெதுவாகக் கேட்டேன். சுமதி சிரித்த சிரிப்பில் பக்கத்து மெஷின்காரிகள் எல்லாம் திரும்பினார்கள். "இளைக்கவா? விரதம் முடிச்சு வடை பாயசத்தோட உக்காந்தா ஒரு நாள் சோறு ஒரே வேளையில உள்ள போவுதுக்கா!"

நூற்றுக்கு நூறு

பெண்கள் ஹாஸ்டலில் தாளை முதல் நாளே கொடுத்து வைத்தது நான் பண்ணின கூத்து. மறுநாள் போனால், அத்தனை பெண்களும் ஒரே குரலில் "ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை" என்கிறார்கள், வாய்ப்பாடு மாதிரி. ராத்திரி ஜெபம் முடிந்ததும் வார்டனம்மா உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்! பரீட்சை என்றே நினைத்துவிட்டார் பாவம்.

அன்று மதியம் அங்கேயே சாப்பிட்டேன். எதிர் வரிசையில் மெர்சி, ப்ளஸ் ஒன். தன் சோற்றைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தாள். கை தூக்கினால் வளையல் முழங்கைக்கு ஓடியது. என் மகனும் சோற்றைத் தள்ளுவான்தான். ஆனால் பிஸ்கட்டுக்கு அழுவான். இவள் எதற்கும் அழுகிறவளாகத் தெரியவில்லை. அவள் தாளிலும் எல்லாமே "ஒருபோதும் இல்லை". வார்டனம்மாவுக்கோ ஒரே பெருமை. "நம்ம ஹாஸ்டல்ல ஒண்ணுகூட ஃபெயில் இல்ல, பாத்துக்கங்க!"

வாய்மொழித் தேர்வு

மெர்சியை டாக்டரம்மாவிடம் அனுப்பச் சொன்னால், வார்டனம்மா அசையவில்லை. "பாஸான பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில இன்னா வேல?"

விளக்கிப் பார்த்தேன், ஏறவில்லை. கடைசியில், "இல்லம்மா, பாஸானவங்களுக்குத்தான் வாய்மொழித் தேர்வு" என்றேன். அவ்வளவுதான். மறுநாளே யூனிபார்ம் இஸ்திரி போட்டு, எண்ணெய் வைத்துத் தலை பின்னி, வேலூர் பஸ்ஸில் மெர்சியைத் தானே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

உள்ளே கதவு சாத்தி டாக்டரம்மா வெகுநேரம் பேசினார். வெளியே வார்டனம்மா ஜெபமாலை உருட்டினார். கதவு திறந்தபோது மெர்சி முகமெல்லாம் அழுகை. பல மாசமாகவே அவள் சாப்பிடுவதில்லை, ராத்திரி ரகசியமாக மாடிப்படி ஏறி ஏறி இறங்குகிறாள், இன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. வார்டனம்மா மெர்சியின் கையைப் பிடித்தார், வளையல் நழுவியது. "ஐயோ, வாயைத் தொறந்து சொல்ல வேண்டிய பிள்ளைய 'இல்ல, இல்ல'ன்னு சொல்லப் பழக்கிட்டேனே!"

மறுபரீட்சை

ஹாஸ்டல் தாள்களையெல்லாம் தள்ளிவிட்டு, புதிதாகக் கேட்கச் சொன்னார் டாக்டரம்மா. இந்த முறை ஒவ்வொருத்தியாக, தனியாக, மாமரத்தடியில். வார்டனம்மா தானாகவே ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். மெர்சி வைத்தியத்தில் கொஞ்சம் தேறித் திரும்பியிருந்தாள். குண்டாகிவிடுவோம் என்ற பயம் உண்டா என்று கேட்டதும் தரையைப் பார்த்தாள். "எப்பவும்" என்றாள். அடுத்ததுக்கும் "எப்பவும்". கடைசியில் நிமிர்ந்து கேட்டாள்: "அக்கா, இந்தத் தபா நான் சுத்தமா ஃபெயில், பரவால்லியா?" பிறகு அவளே கேட்டுக்கு ஓடிப்போய் வார்டனம்மாவிடமும் அதைச் சொன்னாள்.

பிள்ளை உண்மையைச் சொல்லி ஃபெயில் ஆனதற்கு, கேள்வி கேட்டவளும் வார்டனும் அவளைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடின பரீட்சை இந்த ஜில்லாவிலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.