ஒழுகாது என்று சொன்ன கூரை

எங்களிடம் நான்கு வருடங்கள் ஒரு பழைய வோன்மொபில் இருந்தது. கட்டிலும் அடுப்பும் உள்ள பயண வண்டி. பிள்ளைகள் வளர்ந்து எங்களோடு வர மறுக்கத் தொடங்கியதும் விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தோம். வாங்க வந்தவர் கோயிலில் பழக்கமான ஓர் அண்ணை. பேர்லினில் முப்பது வருடம் உணவகச் சமையலறைகளில் நின்றவர். ஓய்வு பெற்றதும் மனைவியை, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவரை, ஏற்றிக்கொண்டு வடக்கே கடற்கரைகளைப் பார்த்துவர வேண்டும் என்று ஆசைப்பட்டார். எஞ்சினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே ஏறி, சாரதி இருக்கைக்கு மேலே இருந்த கட்டிலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“தம்பி, மழைக்கு ஒழுகாதோ?”

“இல்லை அண்ணை,” என்றேன்.

அது ஒழுகும். அவர் அமுக்கிப் பார்த்த கட்டிலுக்கு நேர்மேலேதான் ஒழுகும். முந்தைய இலையுதிர்காலத்தில் அங்கே தேத்தண்ணீர் நிறத்தில் ஒரு கறை படர்ந்திருந்தது. விரலால் தொட்டால் பலகை தண்ணீரில் ஊறிய பாண் துண்டு போல உள்ளே போனது. கூரையில் ஏறி, சந்தேகப்பட்ட இடமெல்லாம் குளியலறைக்குப் பூசும் சிலிக்கனைப் பிதுக்கிவிட்டேன். உள்ளே மெல்லிய பலகை ஒன்றை ஒட்டி வெள்ளை அடித்தேன். அதற்குப் பிறகு நல்ல மழை பெய்த நாட்களில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. போனால் தெரிந்துவிடும். விற்ற அன்று வீடு திரும்பும்போது மனைவி, சொல்லியிருக்கலாமே என்றாள். அதுதான் பூசியாயிற்றே என்று எரிந்து விழுந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரலைக் கேட்டதுமே எனக்கு விளங்கியது. ஆனால் அவர் சொன்னது நான் எதிர்பார்த்தது அல்ல.

“தம்பி, குறை நினைக்காதேங்கோ. நான் மேலை ஏறி இலை கூட்டினனான். மிதிச்சு எங்கையோ வெடிக்கப் பண்ணிப்போட்டன் போல. கட்டில் நனையுது.”

ஏறவேண்டாம் என்று அக்கா தடுத்தும் கேட்கவில்லையாம். அதற்காக இரண்டு கிழமையாகத் தினமும் பேச்சு வாங்குகிறாராம். எனக்கு அந்த வண்டி பழக்கம் என்பதால் ஒருக்கால் வந்து பார்க்க ஏலுமோ என்று கேட்டார். சனிக்கிழமை வருவதாகச் சொன்னேன்.

நகருக்கு வெளியே ஒரு தரிப்பிடத்தில் வண்டி நின்றது. மெத்தையை வெளியே எடுத்து இரண்டு கதிரைகளில் சாய்த்துக் காயவைத்திருந்தார்கள். இந்த முறை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று தேவையான எல்லாவற்றையும் கொண்டு போயிருந்தேன். வண்டியின் சன்னல்களையும் காற்றுத் துவாரங்களையும் நாடாவால் அடைத்து, உள்ளே காற்றூதியை ஓடவிட்டேன். பிறகு கூரையில் சவர்க்காரத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனேன். ஓட்டை உள்ள இடத்தில் காற்று வெளியேறி நுரை எழும்பும். அண்ணை கீழே ஏணியைப் பிடித்தபடி நின்றார்.

அவர் மிதித்ததாகச் சொன்ன பின்பக்கத்தில் ஒரு குமிழிகூட இல்லை. நுரை எழுந்ததெல்லாம் முன்பக்கம், ஓரப் பட்டியை இறுக்கிய ஆணிகளைச் சுற்றியும் என் சிலிக்கனின் விளிம்பிலும்தான். அண்ணை கீழிருந்து, தான் மிதித்த இடத்தில் வருகிறதா என்று கேட்டார். அங்கே இல்லை என்றேன். அப்படியென்றால் தண்ணீர் ஓடி முன்னுக்கு வந்திருக்கும் என்று பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார்.

சிலிக்கன் இருக்கும் இடத்தில் வேறு எந்தப் பசையும் ஒட்டாது. அதனால் பழையதை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. வெள்ளை வெள்ளையாகக் கீழே விழுந்த துண்டுகளில் ஒன்றை அண்ணை எடுத்துப் பார்த்தார்.

“இது கொம்பனியிலை பூசினதோ?”

“ஓம் அண்ணை,” என்றேன்.

முதல் பொய்யை விற்கிற அவசரத்தில் சொன்னேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. இதற்கு ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை. மத்தியானம் அக்கா புட்டும் மீன்குழம்பும் போட்டார். எனக்குப் பரிமாறிக்கொண்டே, சொன்னால் கேட்காத மனிதர், இப்போது தம்பியின் லீவு நாளையும் கெடுத்துவிட்டார் என்று அவரை ஏசினார். அண்ணை தலையைக் குனிந்து சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

சுரண்டிய இடம் காய வேண்டும் என்று தார்ப்பாயால் மூடிவிட்டு வந்தேன். அடுத்த நாள் காலையில் போனபோது அண்ணை எனக்கு முன்பே ஏணியைச் சாத்தி வைத்திருந்தார். பக்கத்தில் அக்கா தேத்தண்ணீர்ப் போத்தலோடு நின்றார். நான் ஏணியில் கால் வைக்கவில்லை.

“அண்ணை, இது நீங்கள் மிதிச்சதாலை வந்ததில்லை. விக்க முந்தியே ஒழுகினது. எனக்குத் தெரியும். அந்தச் சிலிக்கன் நான் பூசினது.”

அண்ணையின் முகத்தில் வந்தது கோபம் இல்லை, நிம்மதி. அக்காவின் பக்கம் திரும்பினார். “கேட்டனீரே? நான் மிதிச்சதாலை இல்லையாம்.” அக்கா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பிழை செய்யாதவரை இரண்டு கிழமையாக ஏசிவிட்டோமே என்று அவர் நினைத்திருக்க வேண்டும். போத்தலைக் கதிரையில் வைத்துவிட்டு வண்டிக்குள் போனார்.

அண்ணைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் மற்றது உறைத்தது.

“நான் அண்டைக்கு ஒழுகாதோ எண்டு கேட்டனான் என்ன?”

“ஓம் அண்ணை. கேட்டனீங்கள்.”

வண்டியைத் திருப்பி எடுக்கிறேன் என்றேன். வேண்டாம், திருத்தித் தாங்கோ, அது போதும் என்றார். அன்று பின்னேரம்வரை வேலை செய்தேன். ஓரப் பட்டியைக் கழற்றி, துருப்பிடித்த ஆணிகளை மாற்றி, கூரைக்கென்று விற்கும் பசையை உள்ளும் புறமும் வைத்து இறுக்கினேன். நான் ஒட்டிய பலகையைப் பிய்த்து, உக்கிய மரத்தை வெட்டி எடுத்துப் புதுப் பலகை போட்டேன். அண்ணை கடைசிவரை ஏணியைப் பிடித்தார். ஆனால் கீழே விழுந்த எதையும் இந்த முறை எடுத்துப் பார்க்கவில்லை.

அடுத்து வந்த பெருமழைகளில் ஒரு துளியும் இறங்கவில்லை என்று அக்கா என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். கோடையில் கடற்கரைக்கும் போய்வந்தார்களாம். போனமாதம் கோயிலில் அண்ணையைக் கண்டேன். சுகம் விசாரித்தார். பிறகு பக்கத்தில் நின்ற ஒருவரிடம், வண்டிக்கு எந்தப் பற்றரி நல்லது என்று கேட்டார். அந்த மனிதர் பேருந்தில் வந்துபோகிறவர், வண்டி ஓட்டத் தெரியாதவர். தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னார். அண்ணை பரவாயில்லை, வேறு ஆரிட்டையும் கேக்கிறன் என்றார்.

எனக்குத் தெரியும். அதே வண்டியின் பற்றரியை நான் இரண்டு தரம் மாற்றியிருக்கிறேன். அவர் என்னைக் கேட்கவில்லை.