மூன்றாவது கொக்கி

திங்கட்கிழமை காலை எட்டு அடித்ததும் ஹிஸ்கே ஃபோல்கெர்ட்ஸ் ஜெர்மனியின் கடற்கரைக் கிராமம் ஒன்றின் கிறிஸ்தவக் கோயில் சமையலறையில் நின்றபடியே மாவட்ட வெளிநாட்டார் அலுவலகத்துக்குப் போன் போடுவாள். எடுப்பவன் வில்ம்ஸ் என்ற குமாஸ்தா.

"தம்பி, ஹாம்சும் கோயில்லேருந்து ஹிஸ்கே பேசுறேன். லெத்தாய் இங்கதான் இருக்கா. மூப்பர் அறை, ஜன்னல் ஓரக் கட்டில். நேத்து பட்டாணி சூப்பு ரெண்டு கிண்ணம் குடிச்சா. சளி கொறஞ்சிருக்கு. எழுதிக்கிட்டியா?"

எழுதிக்கொண்டேன் என்று அவன் சொன்ன பிறகுதான் வைப்பாள். முதல் வாரம் இதெல்லாம் எதற்கு என்று கேட்டான். ஒளித்து வைத்தால் அது திருட்டு, சொல்லிவிட்டுச் செய்தால் அதற்குப் பெயர் வேறு என்றாள். என்ன பெயர் என்று அவன் கேட்கவில்லை. வேலைக்குப் புதியவன், ஆனால் முட்டாள் இல்லை.

அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. எலும்பும் தோலுமாக ஆறடி. கையில் எந்நேரமும் ஒரு ஈரத்துணி. முதலில் மீன் டப்பா தொழிற்சாலையில் ஹெர்ரிங் மீனின் தலையை நறுக்கிக்கொண்டிருந்தவள், இருபத்தெட்டு வருடமாக ஹாம்சும் சீர்திருத்த சபையின் கோயில்குட்டி. மணி அடிப்பது, தரை கழுவுவது, பாட்டு எண்களைப் பலகையில் மாட்டுவது எல்லாம் அவள் வேலை. கழுவுவதற்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை. பீடம் கிடையாது, மெழுகுவத்தி கிடையாது, சொரூபம் கிடையாது. வெள்ளைச் சுவர், பிரசங்க மேடை, மேடைக்குப் பக்கத்தில் சபையைப் பார்த்தபடி, அதை நிர்வகிக்கும் மூப்பர்களின் பெஞ்சு. பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் ஆறு இரும்புக் கொக்கிகள், ஆறு மூப்பர்களின் தொப்பிகளுக்கு.

ஹாம்சும் ஆண்கள் கோயிலுக்குள் வந்ததும் உட்கார்ந்துவிட மாட்டார்கள். அவரவர் இடத்தில் நின்று, தொப்பியைக் கழற்றி முகத்துக்கு நேரே பிடித்து, அதற்குள் ஜெபிப்பார்கள். இருபது எண்ணும் நேரம் ஆகும். முடித்துத் தொப்பியை மாட்டும்வரை அவர்களிடம் யாரும் பேசக் கூடாது, முன்னால் கடந்தும் போகக் கூடாது.

"தொப்பிக்குள்ள என்னத்த தேடுறானுங்களோ. பாதிப் பேரு கன்னுக்குட்டி வெலய எண்ணிக்கிட்டு இருப்பான்" என்பாள் ஹிஸ்கே. ஆனால் ஒரு சுற்றுலாக்காரர் அப்படி நின்றவர் முன்னால் கடந்து போய்ப் படம் எடுத்தபோது, அவர் கையைப் பிடித்து வாசலில் கொண்டுபோய் விட்டவளும் அவள்தான்.

லெத்தாய் எரித்திரியாவிலிருந்து வந்தவள். ஐரோப்பாவில் முதலில் கால் வைத்த நாட்டில் அவள் கைரேகையை எடுத்துவிட்டார்கள். சட்டப்படி அந்த நாடுதான் அவள் மனுவை விசாரிக்க வேண்டும். அங்கே அவள் ஒரு குளிர்காலம் முழுக்கப் பேருந்து நிலையத்தில் படுத்திருந்தாள். அதற்குமேல் கேட்டால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாள். ஆறு மாதத்துக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் விசாரணை ஜெர்மனிக்கு வந்துவிடும். அந்தக் கெடு ஜூன் ஒன்பது. அதுவரை கோயில் வேலியைத் தாண்டினால் பிடிப்பார்கள். தாண்டாவிட்டாலும், போலீஸ் கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நுழைவதில்லை என்று ஒரு வழக்கம், அவ்வளவுதான். அந்த வழக்கத்தை நம்பித்தான் அந்தப் பெண் ஜன்னல் ஓரத்தில் தூங்கினாள்.

அவளைச் சேர்க்கலாமா என்று மூப்பர்கள் கூடியபோது ஐந்து கைகள் உயர்ந்தன. ஐலெர்ட் சாத்தோஃபின் கை மேசை மேலேயே கிடந்தது. ஐலெர்ட் போலீஸ்காரன். ஹிஸ்கேயோடு ஒரே வகுப்பில் படித்தவன். அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று பைபிளில் பவுல் எழுதியிருக்கிறார், பிடித்த சட்டத்துக்கு மட்டும் என்று எழுதவில்லை என்றான். தேநீர் ஊற்ற வந்த ஹிஸ்கேக்கு அந்த மேசையில் ஓட்டும் இல்லை, பேச்சும் இல்லை. இருந்தும் பேசினாள்.

"அவரு எழுதின கடுதாசி பாதி ஜெயில்லேருந்துதான் வந்துச்சு. சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினவரு ஜெயிலுக்கு ஏன்டா போனாரு?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ஐலெர்ட் சிரிக்கவில்லை. "சிரிங்க. நாளைக்கு ஒருத்தன் எம் மனசாட்சி சொல்லுச்சுன்னு அகதி விடுதிக்குத் தீ வெப்பான். அவனப் பிடிக்க நான் வேணும் உனக்கு. அன்னிக்கு சட்டமும் வேணும், ஹிஸ்கே."

அது சரியான அடி. ஹிஸ்கே இரண்டு நாள் கழுவிய தரையையே மறுபடி கழுவினாள். மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய், வேலிக்கு வெளியே நின்றபடியே சொன்னாள்.

"தீ வெக்கிறவன் மூஞ்சிய மூடிக்கிட்டு வருவான். நான் போன் போட்டுச் சொல்றேன். தண்டனை இருந்தா குடு, வாங்கிக்கிறேன். வாங்கிக்கிறேன் பாரு, அதான் நான் அதிகாரத்துக்குக் குடுக்கிற மரியாதை. அதுக்கு மேல கேட்டா, அது எங்கிட்ட இல்ல. வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு."

"தோட்டத்துல வேலையா இருக்கேன், போடி" என்றான் ஐலெர்ட்.

அதன் பிறகும் அவன் மூப்பர் கூட்டத்துக்கு வராமல் இருந்ததில்லை. கூட்டம் நடப்பது லெத்தாயின் அறையில். அந்தக் கடற்கரை ஊர்களில் விருந்தாளி மூன்று கோப்பை தேநீர் குடிக்காமல் எழுந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம். லெத்தாயின் ஊரில் காப்பியும் மூன்று சுற்று. ஆக ஆறு மூப்பர்களும் ஆறு கோப்பைக்குப் பிறகே எழுந்திருக்க முடிந்தது. கூரை ஒழுகல் பற்றிப் பேச வந்தவர்கள் படபடக்கும் நெஞ்சோடு வீட்டுக்குப் போனார்கள். அவளைச் சேர்க்கக் கூடாது என்ற ஐலெர்ட்டும் அவள் வறுத்த காப்பியில் ஒரு சொட்டு மிச்சம் வைத்ததில்லை.

ஞாயிறு ஆராதனையில் ஆட்சியாளர்களுக்காக ஒரு ஜெபம் உண்டு. பெயர்ச் சீட்டைப் போதகரிடம் கொடுப்பது ஹிஸ்கே. மாவட்ட ஆட்சியர், முதுகுவலியோடு இருக்கும் குமாஸ்தா வில்ம்ஸ், ஹாம்சும் போலீஸ் ஐலெர்ட். வாரா வாரம் இதே வரிசை. தன் பெயர் வரும்போது ஐலெர்ட் காலணியைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஜூன் ஒன்பதுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. காலை பத்து மணிக்கு மழையில் ஒரு வண்டி வந்து நின்றது. மாவட்டத்திலிருந்து ப்ரூன்ஸ் என்ற பெண் அதிகாரி, கையில் உத்தரவு. விமானம் மூன்று மணிக்கு. கட்டடம் தெரிந்தவன் என்று ஐலெர்ட்டையும் கூட்டி வந்திருந்தாள்.

ஹிஸ்கே கோயிலுக்குள் நடைவழியில் முட்டி போட்டுத் தரை தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. மூப்பர் அறையைத் திறக்கும்படி ப்ரூன்ஸ் சொன்னாள்.

"அது பூட்டினதே இல்லம்மா. நான் தெறக்கவும் மாட்டேன், மறிக்கவும் மாட்டேன். நீங்களே நடந்து போய்க் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் பாத்துக்கிட்டு இருப்பேன். ஞாயித்துக்கெழமைச் சீட்டுல உங்க பேரையும் எழுதணும், முழுப் பேரு என்ன?"

ப்ரூன்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐலெர்ட்டை முன்னால் போகச் சொன்னாள்.

மூப்பர் அறைக்குப் போக ஒரே வழி, பெஞ்சுக்கும் பிரசங்க மேடைக்கும் நடுவில் ஒரு ஆள் போகும் சந்து. ஐலெர்ட் நடந்தான். ஹிஸ்கே அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தாள். கழுவின தரையில் ஈரத் தடம் ஒவ்வொன்றாக விழுந்தது. மூன்றாவது கொக்கிக்கு நேரே அந்தக் கால்கள் நின்றன. பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் நின்ற இடம். கை தானாகப் போய்ப் போலீஸ் தொப்பியைக் கழற்றியது. அதை முகத்துக்கு நேரே பிடித்துத் தலையைக் குனிந்தான்.

பழக்க தோஷம்தான். அதை அவனே உணர்ந்திருப்பான். உணர்ந்த பிறகும் தொப்பியை இறக்கவில்லை.

ஹிஸ்கே இருபது எண்ணினாள். மறுபடி இருபது. கதவுக்குப் பின்னால் காப்பிக்கொட்டை வறுக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது. ப்ரூன்ஸ் இருமினாள். மணிக்கூண்டில் கால் மணி அடித்தது. கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக இறங்குவது ஹிஸ்கேக்குத் தெரிந்தது, பிழியத் தோன்றவில்லை. இவன் முடித்துவிட்டு நடந்தால் இருபது அடியில் கட்டில். முடிக்காதே, முடிக்காதே என்பதுதான் அப்போது அவளுடைய ஜெபம்.

"சாத்தோஃப்" என்று ப்ரூன்ஸ் கூப்பிட்டாள்.

"ஜெபம் பண்றவங்ககிட்ட பேசக் கூடாது" என்றாள் ஹிஸ்கே, குரலை உயர்த்தாமல்.

ப்ரூன்ஸும் அந்தக் கடற்கரைப் பெண்தான். அவள் அப்பாவும் தொப்பிக்குள் ஜெபித்தவராக இருக்க வேண்டும். சந்துக்குள் ஒரு காலை எடுத்து வைத்தாள். அவனைக் கடக்க வேண்டுமானால் அவன் முன்னால் உரசிக்கொண்டுதான் போக வேண்டும். வைத்த காலை எடுத்துக்கொண்டு, மேலிடத்துக்குப் போன் பண்ண மழைக்குள் இறங்கிப் போனாள்.

அப்போதுதான் ஐலெர்ட் தொப்பியை இறக்கினான். அதன் உள்பக்கத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு திரும்பி மூன்றாவது கொக்கியில் மாட்டினான்.

"எங்காலு போகாதுன்னு அவங்ககிட்ட சொல்லப்போறேன். அப்படியே எழுதிக்கட்டும். நாளைக்கு வேற ஆள அனுப்புவாங்க, ஹிஸ்கே."

"வரட்டும்டா. கதவு பூட்டறதில்ல."

தலையில் ஒன்றுமில்லாமல் மழையில் இறங்கி வண்டிக்குப் போனான். அவன்மேல் விசாரணை வந்தது. ரோந்திலிருந்து எடுத்து ஒரு பழைய கோப்பறையில் உட்கார வைத்தார்கள்.

பத்தொன்பது நாளும் ஹிஸ்கே மூப்பர் அறை வாசலில் நாற்காலி போட்டுத்தான் படுத்தாள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்தாள். திங்கட்கிழமை போன் மட்டும் நிற்கவில்லை. கட்டில் இடம் மாறவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். யாரும் வரவில்லை. ஜூன் பத்தாம் தேதி திங்கட்கிழமை இல்லை, ஆனாலும் எட்டு மணிக்குப் போன் போட்டாள்.

"தம்பி, லெத்தாய் இங்க இல்ல. ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருக்கா. எழுதிக்கிட்டியா?"

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு வில்ம்ஸ், "எழுதிக்கிட்டேம்மா" என்றான்.

அரசாங்க வக்கீல் ஹிஸ்கேக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார். செய்தது தவறு, இனிமேல் செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் வழக்கை விட்டுவிடுவார்களாம். போடாவிட்டால் நீதிமன்றம். அவள் அந்தக் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி அனுப்பினாள்: கட்டில் காலியாக இருக்கிறது. அடுத்த ஆள் வந்தால் தெரிவிக்கிறேன். வழக்கு செப்டம்பரில்.

காவல் நிலையத்திலிருந்தும் ஒரு கடிதம் வந்தது, அரசாங்க உடைமையான தொப்பி ஒன்றைத் திருப்பித் தரும்படி. கதவு பூட்டுவதில்லை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டாள். இதுவரை யாரும் வரவில்லை. ஐலெர்ட்டும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வெறுந்தலையோடு வந்து, வெறுங்கைகளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

சனிக்கிழமை துடைப்பில் கொக்கிகள்தான் கடைசி. மூன்றாவதற்கு வந்ததும் ஹிஸ்கே ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்கிறாள். தொப்பியை எடுத்துத் தூசி தட்டுகிறாள். முன்பக்க முத்திரையில் எச்சில் தொட்டு, சட்டைக் கை நுனியால் பளபளவென்று தேய்க்கிறாள். பிறகு அதை அதே கொக்கியில் மாட்டுகிறாள்.