அப்பா தூங்கும்போது வாசித்தவை

சொனாட்டா என்கிற நீண்ட மேற்கத்திய பியானோ உருப்படிகளை நான் வாசித்த பதிவுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி எழுதுவார்கள்: இந்தப் பெண் பியானோவை எவ்வளவு மெதுவாகத் தொடுகிறாள். பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல வாசிக்கிறாள் என்றே ஒருவர் எழுதிவிட்டார். பாராட்டுத்தான். படித்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்து அறையில் நிஜமாகவே ஆள் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். என் அப்பா.

நெய்வேலியில் எங்களுடையது இரண்டு அறை குவார்ட்டர்ஸ். அப்பா சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத மெஷினில் ஆபரேட்டர். நைட் ஷிஃப்ட் வாரத்தில் காலையில் விட்ட தூக்கத்தைச் சாயங்காலம் பிடிப்பார். அவர் படுத்துவிட்டால் வீடே அடங்கிவிடும். குக்கர் விசில் அடிக்கக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது. எங்கள் பிளாக்கில் எல்லா வீட்டிலும் இதே சட்டம்தான். இந்த வாரம் எங்களுக்கு என்றால் அடுத்த வாரம் எதிர் வீட்டுக்கு. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, நான் படியில் ஓடினால்கூட ஜன்னலுக்கு வந்துவிடுவாள். "ஏ பாப்பா, உங்கப்பா தூங்கிகினு இருக்காரு. அறிவில்ல?"

இந்த லட்சணத்தில் வீட்டில் பியானோ வேறு. மாற்றலாகிப் போன பெரிய அதிகாரி ஒருவர் தூக்கிப்போக முடியாமல் விட்டுப்போனது. பள்ளியில் பாட்டு டீச்சர் என் விரல்களைப் பார்த்துவிட்டு அம்மாவை நச்சரித்து அதை எங்கள் வீட்டில் இறக்கவைத்தார். அம்மா அதன் மூடியைத் திறந்து, சுத்தியல்களுக்கும் தந்திகளுக்கும் நடுவே பழைய போர்வை ஒன்றை மடித்துச் சொருகிவிட்டாள். அப்படியும் கொஞ்சம் அழுந்திவிட்டால் சமையலறையிலிருந்து "ஷ்ஷ்" என்று வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அப்படியே பழகினேன். ஒரு சொனாட்டா முழுவதையும் மூச்சு விடுகிற சத்தத்துக்குள் வாசிக்கத் தெரிந்த பிள்ளை அந்த ஊரில் நான் ஒருத்திதான்.

அதை வைத்துத்தான் பிழைத்தேன். சென்னை, பிறகு வெளிநாடு, கச்சேரிகள், ஒன்றன்பின் ஒன்றாக ஆல்பங்கள். மெதுவான பகுதிகளுக்குப் பெயர் வாங்கினேன். ஓங்கி வாசிக்க வேண்டிய இடம் வந்தால் மட்டும் கை மக்கர் செய்யும். ஒரே இசையமைப்பாளரின் எல்லா சொனாட்டாக்களையும் பதிவு செய்வதாகப் பேச்சு. இருப்பதிலேயே பெரிய, ஆர்ப்பாட்டமான ஒன்று மட்டும் கடைசிவரை வரவில்லை. "இன்னும் ஃபோர்ஸா வாசிங்க மேடம், யாரு அடிக்கப் போறா?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் கேட்டார். அந்த ஒன்று இல்லாமலே தொகுப்பு வெளிவந்தது.

அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா ஏதாவது சொல்ல வேண்டும், எனக்கு அவ்வளவுதான். இந்த இடம் பிடித்தது, அந்த இடம் இழுவை என்று ஏதாவது. ஒவ்வொரு ஆல்பத்தையும் முதலில் அவருக்குத்தான் கொண்டுவந்து போட்டுக் காட்டுவேன். வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, கச்சேரிக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்து கேட்பார். முடிந்ததும், "நல்லாருக்கும்மா" என்பார். திட்டியிருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் வீடு கட்டினார்கள். பியானோவும் அங்கே போனது. அம்மா போன பிறகு அப்பா தனியாள். அதுவரை போனில் பேசுவதெல்லாம் அம்மாதான். போனில் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அவர் சம்பந்தமில்லாமல் பதில் சொல்ல ஆரம்பித்தார். வயசாகிவிட்டது என்று நினைத்து, லீவில் வந்தபோது காது டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"இது வயசுக் கோளாறு இல்லீங்க," என்றார் டாக்டர். "மெஷின் சத்தம். சர்வீஸ்ல இருக்கும்போதே பெரும்பாலும் போயிருக்கும். இப்ப தடார்னு ஏதாவது விழுந்தா லேசா தெரியும். காதுக்கு மிஷின் வச்சாலும் பெரிசா பிரயோஜனம் இருக்காது."

வெளியே மருந்துக் கடை பெஞ்சில் உட்காரவைத்து, "எப்பலேர்ந்துப்பா?" என்று கத்தினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சின்னப் பிள்ளையா ஸ்கூல் போறப்பவே," என்றார். "மெடிக்கல்ல அன்ஃபிட்னு போட்டா மெஷின்லேர்ந்து இறக்கிருவாங்கம்மா. ஆளுங்க வாயைப் பாத்தே சமாளிச்சேன். உங்கம்மாவுக்கும் தெரியாது."

"அப்ப நான் வீட்ல வாசிச்சது?"

"நீ எங்க வாசிச்ச? அம்மாதான் விடமாட்டாளே. முழிச்சிப் பாத்தா நீ சும்மா விரலை ஓட்டிட்டு இருப்ப. பாவம் பிள்ள, நமக்காகச் சத்தமில்லாம பழகுதேன்னு நினைப்பேன்."

யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பக்கத்தில் இடி விழுந்தாலும் எழுந்திருக்காத மனிதருக்காக ஒரு பிளாக்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறது. அன்றைக்குப் போர்வையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓங்கி வாசித்திருந்தால் மிச்சமிருந்த காதில் கொஞ்சமாவது விழுந்திருக்கும். இதில் கொடுமை, நான் வாசிக்கும் சொனாட்டாக்களை எழுதியவரே காது கேளாமல் போனவர். அந்த மனிதரின் காதைப் பற்றி ஊர் ஊராக, மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன்.

மறுநாள் காலை அப்பா கூடத்து மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பியானோவின் மூடியைத் திறந்து பழைய போர்வையை உருவிப் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்து, பதிவு செய்ய முடியாமல் போன அந்தப் பெரிய சொனாட்டாவை எடுத்தேன். தோள், முதுகு, உடம்பு மொத்தத்தையும் போட்டு அடித்தேன். தப்புத் தப்பாக விழுந்தது. எதிர் வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. கண்ணீரில் கட்டைகள் தெரியவில்லை. நிறுத்தவில்லை. அப்பாவுக்கு ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், அப்புறம் இந்தக் கை ஒடிந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அப்பா தலையைத் தூக்கினார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். அவருக்குக் கேட்டுவிட்டது. என்னைப் பார்த்து வந்தார். கையை எடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். என் தலையைத் தடவிவிட்டு, என்னைத் தாண்டிப் போய் வாசல் கதவைத் திறந்து, ரோட்டை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

"யாரோ கதவத் தட்டினாங்கம்மா," என்றார் திரும்பி வந்து. "அதுக்குள்ள போயிட்டாங்க போல."