உப்புத் தண்ணீரும் கரண்டு டெஸ்டும்

1. ரிஜெக்ட்

மும்பை தாராவியில் நடந்த வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாமின் முதல் நாள் காலையில் மெஷின் ஒரு சாம்பிளைக்கூட ஏற்றுக்கொள்ளவில்லை. கன்னத்தின் உள்பக்கத்தைச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, வந்த செல்களைச் சர்க்கரைக் கரைசலில் கலந்து சிப்பில் விட்டேன். திரையில் சிவப்பாக 'ரிஜெக்ட்' என்று வந்தது. அடுத்த ஆளுக்கும் அதே. அதற்கடுத்த ஆளுக்கும் அதே.

நான் லேப் டெக்னீஷியன். தமிழ் தெரியும் என்பதற்காகவே என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன்: பேர்தான் கரண்டு டெஸ்ட், யார் வாயிலும் கரண்டு வைப்பதில்லை. ஒவ்வொரு செல்லின் மேல்சவ்வும் கொஞ்சம் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புற்றுநோயை நோக்கி மாறத் தொடங்கிய செல்லில் அந்தச் சவ்வு சுருக்கம் சுருக்கமாக இருப்பதால் அதிகமாகப் பிடிக்கும். சிப்பில் மின்புலம் கொடுத்தால் நல்ல செல்லும் மாறிய செல்லும் வேறு வேறு மாதிரி நகரும். அந்த வித்தியாசத்தைத்தான் மெஷின் பார்க்கிறது. கரைசலில் உப்பு ஏறினால் எல்லாம் கெட்டது. எச்சிலில் இருக்கும் உப்பைக் கழுவி எடுத்துவிடலாம். அதற்கு மேல் தாங்காது.

எங்கள் லேப் ஹெட் ராமநாதன் சாருக்கு போன் செய்தேன். மாட்டுங்காக்காரர்.

"வாஷ் ஒழுங்காப் பண்ணினியோ?"

"பண்ணேன் சார்."

"கொழந்தை ஞாபகத்துல ஒரு ஸ்டெப்பை விட்டிருப்பே. நன்னா யோசிச்சுப் பாரு."

செம்பூர் கிரெஷ்ஷில் விட்டுவிட்டு வந்த மகளுக்கு அன்று உடம்பு லேசாகச் சுட்டது. அதனால் அவர் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விட்டுவிட்டேனோ? மறுபடி கழுவினேன். மறுபடி ரிஜெக்ட். கடைசியில் என் கன்னத்தையே தேய்த்து ஓட்டினேன். மெஷின் ஏற்றுக்கொண்டது. பச்சை விளக்கு எரிந்தது. அப்படியானால் தவறு என் கையில் இல்லை.

வாசலுக்கு வந்து பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் வாளி. பக்கத்தில் இசக்கியம்மாள் அக்கா, வீடு வீடாகப் போய் முகாமுக்கு ஆள் கூட்டி வருபவர், வருகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு டம்ளர் நீட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லா கொப்புளிச்சுத் துப்புட்டீ. உள்ள வாயத் தொறந்து பாக்கப்போறாவ. நாறிக்கிட்டுப் போனா நம்மாளுவ மானமே போயிரும்."

"அக்கா, இதுல என்ன போட்டிருக்கீங்க?"

"கல்லுப்பு. வெதுவெதுன்னு இருக்கு. நீங்களும் ஒரு வாய் கொப்புளிங்க மேடம்."

அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

2. வறுத்தது

வாளியை எடுக்க வைத்தேன். மெஷின் ஓடியது. ஆனால் புகையிலை உண்டா என்று கேட்டால் பெண்கள் எல்லோரும் இல்லை என்றே தலையாட்டினார்கள். இசக்கியம்மாள் அக்காவோ முகத்தைச் சுளித்தார்.

"சீ, அந்தக் கருமத்தை நான் தொடுவேனா?"

சொல்லும்போதே அவர் ஆள்காட்டி விரல் நுனி கறுப்பாக இருந்தது.

"மிஸ்ரி தேய்ப்பீங்களா?"

"அது பல்லுக்குல்லா! பக்கத்து வீட்டு மராட்டிக்காரி பல்வலிக்குன்னு பழக்கிவிட்டா. காலையில அது இல்லாம வெளிக்கே போவாது."

"புகையிலையைத்தான் வறுத்துப் பொடிச்சு மிஸ்ரின்னு விக்கிறாங்க."

"அதான் வறுத்தாச்சுல்லா. பெறவு அதுல என்ன இருக்கு?"

வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ் ஈறோரம் வெள்ளைத் திட்டு ஒன்று, தேய்த்தால் போகாத வகை. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன்.

"ஒங்க மெஷின் சொல்லட்டும், போறேன்."

மெஷின் சொல்லவில்லை. அன்றைக்கும் ரிஜெக்ட், மறுநாளும் ரிஜெக்ட். இன்னும் மிஸ்ரி தேய்ப்பது வாசனையில் எனக்குத் தெரிந்துவிடுமே என்று ஒவ்வொரு முறையும் வீட்டிலேயே ரகசியமாக உப்புத் தண்ணீர் கொப்புளித்துவிட்டு வந்திருக்கிறார். கேட்டதற்கு, "ஒரே ஒரு வாய்தான்" என்றார். அதற்குள் தெருவெல்லாம், "எனக்கு ஒண்ணுமில்ல, மெஷினே வேண்டாம்னு அனுப்பிருச்சு" என்று வேறு சொல்லி வைத்திருந்தார்.

"டேட்டா கெடறது. அந்தம்மாவை விட்டுடு" என்றார் சார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. திட்டை நான்தான் பெரிதாக நினைக்கிறேனோ? அவரைப் பயமுறுத்திவிட்டு, வெறும் பல்தூள் கறை என்று ஆனால்? காலையில் கிரெஷ் திறக்கும்வரை காத்திருக்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

"என்ன மேடம், பிள்ளையோட?"

"இவளைக் கொஞ்சம் பிடிங்க அக்கா."

மடியில் குழந்தையைக் கொடுத்துவிட்டேன். இனி எழுந்து உப்புத் தண்ணீர்ப் பக்கம் போக முடியாது. வெறும் தண்ணீர் கொடுத்துத் துப்பச் சொல்லிவிட்டு, திட்டின் மேல் பிரஷ்ஷை வைத்தேன். அவர் வாயைத் திறந்தபடி இருக்க, மகளும் அவரைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டாள். சாம்பிளை முகாமுக்கு எடுத்துப் போய் மெஷினில் விட்டேன்.

பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் செல்கள் நகர்ந்த விதம் சரியில்லை, மாறிய செல்கள் நகர்வது போலிருந்தது. நம்பாமல் மிச்சமிருந்த சாம்பிளையும் ஓட்டினேன். அதுவும் அப்படித்தான்.

"மிஸ்ரித் தூளா இருக்கும்" என்றார் சார்.

"இருக்கட்டும் சார். பயாப்ஸி எடுத்துப் பாத்துடலாம்." அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் முறை.

பயாப்ஸியில் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. புற்று என்று சொல்லும் அளவுக்கு இன்னும் போகவில்லை. அந்த இடத்தை வெட்டி எடுத்தார்கள். பார்க்கப் போன என்னிடம் இசக்கியம்மாள் அக்கா வலியோடு வாயைக் கோணிக்கொண்டு சொன்னார்:

"இத மொதல்லயே வெளங்கச் சொல்லிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன்லா."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! கஞ்சியை ஆற்றிக் கொடுத்தேன்.

புதிதாக வருபவர்களுக்கு: புகையிலை உண்டா என்று கேட்காதீர்கள். காலையில் எதை வைத்துப் பல் தேய்க்கிறீர்கள் என்று கேளுங்கள். 'ரிஜெக்ட்' என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, மெஷினுக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம் என்பதை அவர்கள் திருப்பிச் சொல்லும்வரை சொல்லுங்கள். வெள்ளைத் திட்டு உங்கள் கண்ணிலேயே பட்டுவிட்டால் பச்சை விளக்குக்காகக் காத்திருக்காதீர்கள். கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.