உள்ளே விட்ட மூன்று இன்ச்

என் சகலையின் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குலமும் செருப்பு போட்ட புண்ணியம். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். தையல் தொழில். கழுத்தில் இன்ச் டேப் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. குளிக்கும்போது கழற்றுகிறாரா என்பது என் கொழுந்தியாளுக்குத்தான் வெளிச்சம். எதை அளந்தாலும் முக்காலில்தான் முடிப்பார். முப்பத்தெட்டே முக்கால், பதினாறே முக்கால். அதனால் அவருக்கு ‘முக்கால்’ என்று பெயர் வைத்தேன். வைத்தது நான்தான் என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆளின் உயரத்துக்கும் பொருந்திப்போனதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த முக்கால் நாற்பத்தாறு வயதில் ஒரு ஜீப் வாங்கினார்.

வீட்டுக்கும் கடைக்கும் நடுவே இரண்டு தெரு, இரண்டும் தார் போட்டவை. வழியில் மேடுபள்ளம் என்று சொல்ல, தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடாமல் விட்ட ஒரு குழி உண்டு. அதையும் மனிதர் இத்தனை வருஷமாகச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார். வாங்கியதோ பச்சைப் பெயிண்ட் உரிந்த கிழட்டு ஜீப். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் அவருக்கு ஸ்டீயரிங் மட்டும்தான் தெரியும். இரண்டு தலையணை போட்டுக்கொண்டார். அந்தத் தலையணைகளுக்கு ஓரத்தில் வெள்ளைத் தையல் ஓடும் கறுப்பு உறை வேறு. வண்டிக்குப் போட ஆயில் இல்லை, தலையணைக்கு மேட்சிங் உறை!

இந்த நோய் அவருக்கு எங்கிருந்து தொற்றியது என்றால், என் வாடிக்கையாளர்களிடமிருந்து. எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. வண்டிகளின் அடிப்பக்க வேலை, வெல்டிங். ஊரில் ஜீப் வைத்திருக்கும் ஒரு கூட்டம் ஞாயிறு காலைகளில் கைவிடப்பட்ட கல் குவாரிக்குப் போய்ச் சரிவுகளில் ஏறி இறங்கும். வாரத்தில் ஆறு நாள் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள், ஏழாம் நாள் சகதியை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. ஆனால் அவர்கள் உடைப்பதை ஒட்டித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஆகவே நேரில் கண்டால் ‘வாங்க சார், வாங்க’ என்று பல்லைக் காட்டுவேன். அந்தக் கூட்டத்துக்கு ஒரே மாதிரி சட்டை தைக்க அளவெடுக்கப் போனவர்தான் என் சகலை. ஜீப்போடு திரும்பினார்.

“எதுக்கு சகல இது?” என்று கேட்டேன்.

“எல்லாரையும் அண்ணாந்து பாத்தே அளவெடுக்கறேன்” என்றார். “இதுல ஏறி உக்காந்தா மட்டும் எதிர்ல வர்றவன் கண்ணு நேருக்கு நேரா தெரியுது.”

“அதுக்கு ஒரு ஸ்டூல் போதாதா?” என்றேன். பட்டறையே சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் எப்போதும் சிரித்துவிடுவார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

குவாரியில் மூன்று ஞாயிறு முயன்றார். சரிவின் நடுவே ஒரு குழி. அதில் முன்சக்கரம் இறங்கியதும், குலுக்கலைத் தாங்கச் சக்கரத்தோடு நீண்டு சுருங்கும் பழைய ஷாக் அப்சார்பர் அதற்கு மேல் நீளாமல் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். சக்கரம் தரையைத் தொடாமல் காற்றில் சுற்றும், வண்டி நின்றுவிடும். மூன்று முறையும் கயிறு கட்டித்தான் இழுத்தார்கள். மூன்றாம் முறை கூட்டத்தின் தலைவர், ஒரு சிமெண்ட் ஏஜென்ட், “டெய்லர் வண்டிக்கு ஊசியும் நூலும் போதும்” என்றார். அவர் சொன்னால் நகைச்சுவை. நானும் சிரித்தேன்.

என் கொழுந்தியாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க ஊசி குத்துகிறவளுக்கு வார்த்தையில் வழவழா கிடையாது. “இன்னும் ஒரே ஒரு தடவை. நானும் பக்கத்துல உக்காருவேன். ஏறுச்சுன்னா வெச்சுக்கங்க. ஏறலன்னா வித்துடணும், அப்புறம் ஜீப்புங்கற பேச்சே வீட்ல வரக் கூடாது” என்று சொல்லிவிட்டாள். அவர் தலையாட்டினார். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான் என்பது எங்கள் இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

அடுத்த வாரம் ஒரு அட்டைப் பெட்டியைச் சுமந்துகொண்டு பட்டறைக்கு வந்தார். உள்ளே முன்பக்கத்துக்கு இரண்டு புது ஷாக். சிவப்பு உடம்பு, பளபளக்கும் தண்டு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை; தானே அளந்து, தானே சொல்லி வரவழைத்திருக்கிறார். எடுத்து வண்டியில் வைத்துப் பார்த்தேன். தேவைக்கு மேல் மூன்று இன்ச் நீளம்.

“எப்படி அளந்தீங்க?”

“பழசக் கழட்டி, இழுத்துப் புடிச்சு, ஓட்டைக்கு ஓட்டை அளந்தேன். அதோட மூணு இன்ச் சேத்துக்கிட்டேன்.”

“எதுக்கு மூணு?”

“உள்ள விட்டுத் தைக்கிறதுதான், சகல. நாளைக்கு வேணும்னா பிரிச்சு விட்டுக்கலாம்ல?”

சத்தியமாக இப்படித்தான் சொன்னார். நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். துணிக்கு விடுகிற மாதிரி இரும்புக்கும் உள்ளே விட்ட மனிதரை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஷாக்கை இரண்டு தரம் அளக்க வேண்டும். சக்கரம் மேலே முட்டி நிற்கும்போது ஒரு அளவு, தொங்கும்போது ஒரு அளவு. நீளமான ஷாக் சுருங்கினாலும் நீளமாகத்தான் இருக்கும், இது ஒன்றரை இன்ச். பழைய இடத்திலேயே மாட்டினால் முதல் பள்ளத்திலேயே அடி முட்டித் தண்டு வளையும், இல்லாவிட்டால் ஷாக்கைத் தாங்கும் மவுண்ட் பிய்த்துக்கொண்டு வரும். விற்ற கடையோ, அளவு சொல்லி வாங்கியதைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றுவிட்டது. அதற்கு அவர் கோபப்படக்கூட இல்லை. ‘வெட்டிய துணி வாபஸ் இல்லை’ என்று அவர் கடையிலேயே போர்டு தொங்குகிறது, எந்த வாயால் சண்டை போடுவார்?

மிச்சம் இருந்தது ஒரே வழி: மவுண்ட்டை உயர்த்துவது. ஷாக்கின் மேல் முனையைத் தாங்கும் பழைய பிராக்கெட்டை வண்டியின் அடிச்சட்டமான சேஸிலிருந்து அறுத்தெடுத்து, மட்கார்டின் உள்தகட்டில் ஜன்னல் வெட்டி, கனமான தகட்டில் புதிதாக ஒரு கோபுரம் செய்து ஒன்றரை இன்ச் மேலே பற்றவைத்தேன். இரண்டு நாள் வேலை. வெல்டிங்கைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது, கோடு போட்ட மாதிரி உட்கார்ந்தது. அந்த இரண்டு நாளும் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ‘உள்ளே விட்ட மூன்று இன்ச்’ கதையைச் சொன்னேன். அவர் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, என் கிழிந்த கையுறைகளைத் தைத்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் வண்டியை ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரங்களைத் தொங்கவிட்டேன். சிமெண்ட் ஏஜென்ட்டும் கூட்டத்தில் இன்னும் மூன்று பேரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். என் சகலை வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

“சகல, இந்தக் குழாய்க்கு உள்ள விட்டிருக்கா?” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

“எந்தக் குழாய்?”

“மேலேருந்து சக்கரத்துக்கு இறங்குதே, பிரேக்குக் குழாய். விறைப்பா நிக்குது. இதுக்கும் கொஞ்சம் விட்டா நல்லாருக்கும்.”

நான்கு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அது என்ன பாவாடை நாடாவா? ரப்பர், சகல. இழுத்தாக் குடுக்கும். வெளிய வாங்க, சட்டை அழுக்காகுது” என்றேன். நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். நான் குனிந்து பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குவாரியில் நல்ல கூட்டம். தலையணைமேல் என் சகலை, பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி என் கொழுந்தியாள். வண்டி சரிவில் ஏறியது. பழைய குழியில் இடதுசக்கரம் இறங்கியது. புது ஷாக் சக்கரத்தோடு கூடவே நீண்டது. சக்கரம் குழியின் அடியைத் தொட்டு, பிடித்து, வண்டியை மேலே தூக்கியது. ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. கைதட்டினார்கள். என் மவுண்ட், என் வெல்டிங் என்று எனக்கு மார்பு விம்மியது. ஓட்டியவரை நான் நினைக்கக்கூட இல்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே இரண்டாவது குழி. அது ஆழம். வலதுசக்கரம் அதில் முழுக்கத் தொங்கியது. வண்டி ஒரு நொடி தயங்கியது, பிரேக் விளக்கு எரிந்தது, வண்டி நிற்கவில்லை. பின்னோக்கி உருள ஆரம்பித்தது.

பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மனிதர் பயந்து குதிக்கவில்லை, கத்தவில்லை. சீட்டில் மண்டியிட்டுத் திரும்பி, ஒரு கையால் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மறு கையால் ஸ்டீயரிங்கை ஒடித்து, வண்டியின் பின்பக்கத்தை அப்படியே ஜல்லித்தூள் குவியலுக்குள் சொருகினார். இன்னும் பத்தடி போயிருந்தால் தண்ணீர் நிற்கும் பள்ளம். கூட்டத்தில் ஒருத்தனுக்கும் அந்த நிதானம் வராது, எனக்கும் வராது.

ஓடினேன். கொழுந்தியாளின் உதடு கம்பியில் மோதிக் கிழிந்திருந்தது. கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு இறங்கினாள். என் சகலை அதற்குள் வண்டிக்கு அடியில் போய், அறுந்த குழாயோடு வெளியே வந்தார். ரப்பர் நட்டுக்குப் பக்கத்தில் துண்டாகியிருந்தது, பிரேக் ஆயில் அவர் கையில் வழிந்தது. பழக்கதோஷம், கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அளந்தார்.

“பத்தே முக்கால்” என்றார். என்னைப் பார்த்தே சொன்னார், என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஷாக் மூன்று இன்ச் நீண்டு, மவுண்ட் ஒன்றரை இன்ச் உயர்ந்தால், மிச்ச ஒன்றரை இன்ச்சுக்குச் சக்கரம் கீழே தொங்கும். குழாயும் அந்த அளவுக்கு நீள வேண்டும். மாற்றுவது அரைமணி நேர வேலை. தொழிலுக்கு வந்த முதல் வருஷத்தில் கற்றுக்கொள்கிற விஷயம்.

“மாமா, நீங்கதான வேல பாத்தீங்க? என்ன ஆச்சு?” என்று கொழுந்தியாள் கேட்டாள். சிமெண்ட் ஏஜென்ட்டும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். அத்தனை பேரும் என் வாடிக்கையாளர்கள்.

“அவரக் கேக்காத” என்றார் என் சகலை. “மூணு இன்ச் கூட வாங்குனது நான். அவரு குழாயும் மாத்தணும்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் அவசரம், வேணாம்னுட்டேன்.”

“அப்ப வித்துடுங்க” என்றாள்.

“வித்துடறேன்.”

சிமெண்ட் ஏஜென்ட் என் தோளைத் தட்டி, “டெய்லர் பேச்ச நீங்க கேட்டிருக்கக் கூடாது” என்றார். நான் தலையாட்டினேன். கடவுளே, தலையாட்டினேன்.

திரும்பி வருகையில் இன்னொரு ஜீப் எங்களைக் கயிறு கட்டி இழுத்தது. கொழுந்தியாள் அந்த முன்வண்டியில் ஏறிக்கொண்டாள். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார், நான் பக்கத்தில். “ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“நான் அளவ விட்டா ஒரு சட்ட போகும், சகல. நீங்க பிரேக்க விட்டீங்கன்னு தெரிஞ்சா ஒருத்தன் வண்டி கொண்டு வருவானா? விடுங்க” என்றார். பிறகு கொஞ்ச தூரம் போனதும், “உங்க வீட்ல அக்காகிட்டயும் சொல்லாதீங்க” என்றார். எதிரே வந்த பஸ்ஸின் டிரைவரை அவர் நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டே போனது எனக்குத் தெரிந்தது. அதுதான் கடைசித் தடவை.

பத்தே நாளில் ஜீப் கைமாறியது. வாங்கியவர் அந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர். வண்டியை நேராக என் பட்டறைக்குத்தான் கொண்டுவந்தார். நீளமான குழாய் மாட்டிக் கொடுத்தேன். அது இப்போது ஞாயிறுதோறும் சரிவில் சுலபமாக ஏறுகிறது. என் மவுண்ட்டைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் அதே மாதிரி வேண்டும் என்று வந்துவிட்டார்கள். தலையணைகளை மட்டும் என் சகலை எடுத்துக்கொண்டார். தையல் மெஷினுக்கு முன்னால் உள்ள நாற்காலியில் ஒன்று கிடக்கிறது.

வருகிறவர்கள் இன்றைக்கும் ‘அந்த மூணு இன்ச் கதையச் சொல்லுங்க’ என்று கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன், அவர் குரலிலேயே. சில நாள் அவரே கையுறை தைத்துக் கொடுக்க வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், கூடவே சிரிப்பார். என் மனைவிகூட, “போதும், பாவம் அந்த மனுஷன், நிறுத்துங்களேன்” என்கிறாள்.

எப்படி நிறுத்துவது? நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள்.