கரும்பலகையில் ரோஸ்லின் போட்ட கட்டம்

செய்தி வந்தபோது நான் எட்டாம் வகுப்புத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ரோஸ்லினின் கணவர்தான் போனில் பேசினார். "ஏனுங்க அம்மணி, நம்ம ரோஸ்லின் காலையில போயிருச்சுங்க" என்றார். மழைக்காலத்திலிருந்தே அவளைச் சிறுநீரகம் படுத்திக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வாரம்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே என் சேலை நிறத்தைக் கிண்டல் செய்தாள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

உங்களில் பலர் அவளைச் சரவணம்பட்டிப் பள்ளியின் வரலாற்று டீச்சராக அறிவீர்கள். எனக்கு அவள் அதற்கும் முந்தியவள். பி.எட். படித்த காலத்தில் கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் இருவரையும் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். ஒருத்தி பாடம் நடத்தும்போது இன்னொருத்தி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறை நிறைகளை எழுத வேண்டும். அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் மில் தொழிலாளிகளின் பிள்ளைகள். ரோஸ்லினின் அப்பாவும் அம்மாவும் தோட்டக் கூலிக்குப் போனவர்கள். அவள் ஒரு பம்ப் ஒர்க்‌ஷாப் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்துவிட்டுப் படிக்க வந்தவள். வீட்டில் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வருஷம். தேறாவிட்டால் மறுபடியும் அந்த டைப்ரைட்டர்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

அவளுடைய முதல் வகுப்பை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ஐரோப்பியர் வருகை பற்றிய பாடம். கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி பேசினாள். ஒரு பாடவேளைக்கு எழுதிக்கொண்டு வந்தது பத்து நிமிடத்தில் தீர்ந்துபோனது. வரைபடத்தைச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடியும் சுருட்டினாள். என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கடைசியில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் முடிஞ்சு போச்சு கண்ணுகளா. பாக்கி நேரத்துக்கு நீங்க கேளுங்க" என்றாள்.

பிள்ளைகள் விடுவார்களா? கப்பலில் வந்தவர்களுக்கு நம் பேச்சு எப்படிப் புரிந்தது என்று ஒருத்தி கேட்டாள். "டீச்சர், நடுக்கடல்ல அவங்க கக்கூசுக்கு எங்கீங்க போனாங்க?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பே உருண்டு சிரித்தது. ரோஸ்லின் சிரிக்கவில்லை. கரும்பலகையின் இடது மூலையில் ஒரு கட்டம் போட்டு, மேலே 'நாளை' என்று தலைப்பிட்டு, இரண்டு கேள்விகளையும் ஒழுங்காக எழுதினாள். மறுநாள் இரண்டுக்கும் பதில் கொண்டுவந்தாள். இரண்டாவது கேள்விக்காக நூலகரிடம் அவள் வாங்கிய முறைப்பு தனிக்கதை.

அன்றிலிருந்து அந்தக் கட்டம் தினமும் இருந்தது. எங்களை மேற்பார்வை செய்த வகுப்பாசிரியைக்கு அது பிடிக்கவே இல்லை. "டீச்சரே தெரியாதுன்னு எழுதிப் போட்டா பசங்க மதிப்பாங்களா அம்மணி?" என்று கேட்டார். "தெரிஞ்ச மாதிரி ஒண்ணைச் சொல்லிப்போட்டா, அதைக் காப்பாத்தவே பாதி உசுரு போயிருமுங்க" என்றாள் ரோஸ்லின். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் கட்டத்தை அழிக்கவும் இல்லை.

பயிற்சி முடியும்போது வெளியிலிருந்து தேர்வாளர் வந்து எங்கள் வகுப்பைப் பார்ப்பார். அந்தத் தேர்வுக்கு ஒத்திகை என்பது ஊரறிந்த ரகசியம். முதல் நாளே அதே பாடத்தை அதே பிள்ளைகளுக்கு நடத்தி, யார் எந்தக் கேள்விக்குக் கைதூக்க வேண்டும் என்பது வரை சொல்லிவைப்போம். நான் மிட்டாய் வாங்கிக் கொடுத்து மூன்று முறை நடத்தினேன். என் வகுப்பு நாடகம் போல நடந்தது. ரோஸ்லினையும் எவ்வளவோ கெஞ்சினேன். "ஒரு வருஷந்தான் உனக்குக் கொடுத்திருக்காங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்று பயமுறுத்தியும் பார்த்தேன். "நேத்துத் தின்ன சோத்தையே பசிக்கிற மாதிரி தின்னுன்னா புள்ளைங்க பாவமில்லையா?" என்றாள்.

அவளுக்கு வந்த பாடம் தொழிற்புரட்சி. இந்த முறை அவசரப்படாமல் நடத்தினாள். கைத்தறியில் தொடங்கி நூற்பு இயந்திரம் வரைக்கும் வந்தாள். தேர்வாளர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அப்போது மூன்றாவது வரிசையில் சத்யா எழுந்தாள். அந்த வருஷம்தான் சத்யாவின் அப்பா வேலை பார்த்த மில் மூடியிருந்தது. "டீச்சர், மெஷின் வந்து வேலை போச்சுன்னு சொன்னீங்கல்லங்க, அவங்கெல்லாம் அப்புறம் என்னங்க ஆனாங்க?"

எங்கள் புத்தகத்தில் அதற்கு ஒரு வரியும் கிடையாது. ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடு என்று கடைசி பெஞ்சிலிருந்து மனதுக்குள் கத்தினேன். ரோஸ்லின் சத்யாவின் பக்கம் திரும்பினாள். "தெரியலை கண்ணு. படிச்சுப் பாத்துட்டு நாளைக்கு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, கட்டத்தைப் போட்டுக் கேள்வியை எழுதினாள். தேர்வாளர் பேனாவை நிறுத்தினார். "உங்களுக்கு இன்னியோட பயிற்சி முடியுதேம்மா?" என்றார். "வாரேனுங்க சார்" என்றாள்.

வெளியே வந்ததும், "என்ன அம்மணி இப்படிப் பண்ணிப்போட்ட?" என்று அவளைப் பிடித்துக்கொண்டேன். "வா, நூலகம் மூடறதுக்குள்ள போவோம்" என்றாள்.

மறுநாள் கல்லூரியில் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போட்டோவில் நாங்கள் இருவரும் இல்லை. சிங்காநல்லூர் பஸ்ஸில் இருந்தோம். வகுப்பாசிரியை முகத்தைச் சுளித்தாலும், பாடத்துக்கு நடுவில் கொஞ்ச நேரம் கொடுத்தார். வேலை போனவர்களில் சிலர் இயந்திரங்களை உடைத்துச் சிறைக்குப் போனதை ரோஸ்லின் சொன்னாள். பலர் குறைந்த கூலிக்கு அதே மில்களில் சேர்ந்ததையும், பிறகு சங்கமாகக் கூடி வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிப் போராடியதையும் சொன்னாள். "அப்ப எங்கப்பாவுக்கும் சரியாயிருமுங்களா?" என்று சத்யா கேட்டாள். "அது எனக்குத் தெரியாது கண்ணு. வேலை போன அன்னைக்கே அவங்க கதை முடிஞ்சு போகலை. அது மட்டும் எனக்குத் தெரியும்" என்றாள். சத்யா உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டாள்.

ரோஸ்லின் தேறினாள். என்னைவிட மதிப்பெண் குறைவுதான். அதைச் சொல்லிச் சொல்லியே அவளைச் சீண்டுவேன். "உன் மார்க்குல பாதி மிட்டாய்க்கு" என்பாள். சரவணம்பட்டியில் அவள் பாடம் நடத்தியது ஐ.டி. கம்பெனிக்காரர்களின் பிள்ளைகளுக்கு. "போன்ல பாத்துக்கலாம் மிஸ்" என்பார்களாம். "பதிலை எங்க வேணா பாரு சாமி, கேள்வியை மட்டும் இந்தக் கட்டத்துல எழுதிட்டுப் போ" என்பாளாம்.

அடக்கம் முடிந்த மறுவாரம், அவள் வகுப்பறையிலேயே பிள்ளைகள் ஓர் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். நானும் போயிருந்தேன். கரும்பலகையைத் துடைத்திருந்தார்கள், இடது மூலையைத் தவிர. கட்டத்துக்குள் ரோஸ்லினின் குண்டு எழுத்தில், அவள் கடைசியாக வந்த நாளில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இருந்தது. 'ராஜா இறந்துபோன மறுநாள் ஊரில் சந்தை கூடுமா?' அதன் கீழே வேறொரு கையெழுத்தில் பதில் இருந்தது. 'கூடும் மிஸ். இல்லாவிட்டால் காய் அழுகிவிடும்.' எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "நாங்களே பேசி முடிவு பண்ணினோம் மிஸ். எங்க மிஸ் வந்தா சரியான்னு கேக்கலாம்னு இருந்தோம்" என்றாள் ஒரு சிறுமி. அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் அங்கேதான் உடைந்தது. அழுது முடித்த பிறகு, சரிதான் என்று அந்தப் பதிலுக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கட்டத்தை. அது அவளுடையது என்று இத்தனை வருஷமும் நான் தொடாமலே இருந்தேன். கூட்டம் முடிந்த மறுநாள் எனக்கு முதல் பாடவேளையே எட்டாம் வகுப்பு. உள்ளே போனதும் இடது மூலையில் கட்டத்தைப் போட்டு, 'நாளை' என்று எழுதினேன். "இது எதுக்குங்க டீச்சர்?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். சாக்பீஸை அவள் கையிலேயே கொடுத்து, "எனக்குத் தெரியாத மாதிரி ஏதாவது கேளு கண்ணு" என்றேன்.