மதிமுகமும் முகமதியும்

நான்கு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. சொந்த ஊர் தெற்கே. ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டல் வாசம். பி.ஏ. தமிழ் படித்துவிட்டு, ரப்பர் வளையங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரசு வேலைக்கான தேர்வை எழுதி எப்படியாவது வெளியேறிவிட வேண்டும் என்பதுதான் ஒரே நினைப்பு.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருபவள் வல்லக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரி. என்னைவிட இரண்டு வயது இளையவள். பன்னிரண்டாவது முடித்ததும் கல்யாணம், ஒரு பெண் குழந்தை. என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு அவளும் அதே தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாள்.

"கணக்கு, பொது அறிவுலாம் நான் பாத்துக்கறேங்க்கா. இந்த அணி அணின்னு வருதே, அது மட்டும் இன்னான்னு சொல்லிக் குடேன்."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பஸ் போகும் நேரத்தில் தினம் ஒரு அணி சொல்லிக்கொடுத்தேன். தற்குறிப்பேற்ற அணி சொன்ன நாள் நன்றாக நினைவிருக்கிறது. "இயல்பா நடக்கிற ஒண்ணுக்கு, கவிஞர் தானா ஒரு காரணத்தை ஏத்திச் சொல்றது" என்றேன். கல்லூரியில் மனப்பாடம் செய்த எடுத்துக்காட்டைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினாள். கோடையில் வற்றிப்போன ஏரி.

"அந்த ஏரி, கன்டெய்னர் லாரிங்களுக்கு வழி விடத்தான் ஒதுங்கிக்கினு கீதுன்னு சொன்னா, அது அந்த அணிதானேக்கா?"

முன் சீட்டு ஆட்கள் திரும்பி, "சூப்பர்மா!" என்றார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது. மூன்று வருடம் படித்த நான் ஒரு எடுத்துக்காட்டாவது சொந்தமாகச் சொன்னதுண்டா?

அதன் பிறகு அவள் எது பேசினாலும் எனக்குப் பிடிக்கவில்லை. சூப்பர்வைசர் திட்டுவதை வஞ்சப்புகழ்ச்சி என்பாள், லைனே சிரிக்கும். மாதிரித் தேர்வில் தமிழில் என்னைவிட அதிக மதிப்பெண் எடுத்தாள். "எல்லாம் உன்னாலதாங்க்கா" என்று அவள் சொன்னபோது எனக்கு இன்னும் எரிந்தது. மறுநாளிலிருந்து தலைவலி என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

தேர்வுக்கு முந்தைய நாள் அவள் நோட்டை விரித்தாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்து சொல்லுக்கா. மதிமுகம்னா உருவகம், முகமதின்னா உவமை. கரெக்டா?"

நேர்மாறு. மதி போன்ற முகம், மதிமுகம், அது உவமை. முகத்தையே மதி என்று சொல்லிவிடுவது முகமதி, அதுதான் உருவகம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். போனைப் பார்த்தபடியே, "ம், சரிதான்" என்றேன்.

அந்தக் கேள்வி தேர்வில் வந்தது. நான் சரியான விடையைக் குறித்துவிட்டு, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடைக்குறிப்பு வெளியானதும் கேன்டீனில் என்னைத் தேடி வந்தாள். "அது தப்பாயிடுச்சிக்கா. நீ சரியாத்தான் சொல்லியிருப்ப. நான்தான் பரீட்சைல மாத்திக் குறிச்சிட்டேன் போல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீ மாத்திக் குறிக்கல. அன்னிக்கு நீ தப்பா கேட்டதுக்கு நான்தான் தெரிஞ்சே சரின்னு சொன்னேன்" என்றேன்.

"ஏங்க்கா?"

"பொறாமை."

"எம்மேலயா?" நம்பாமல் என்னையே பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். மறுநாள் பஸ்ஸில் பின் சீட்டுக்கும் போய்விட்டாள். அவள் எழுந்து போனதற்கான காரணத்தை, பக்கத்தில் யார் கேட்டும் அவள் சொல்லவில்லை.

அந்த முறை எங்கள் இருவருக்குமே வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு கேள்வியால்தான் அவளுக்குப் போயிற்று என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

பல மாதங்கள் கழித்து அடுத்த தேர்வு அறிவிப்பு வந்தது. கை கழுவும் இடத்தில் அவளாகவே வந்து நின்றாள். "இந்தவாட்டி யாப்பும் சேத்து சொல்லிக் குடு. தப்பா சொன்னின்னா இப்போ எனக்கே தெரிஞ்சிடும்" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும் கேட்டாள். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன்.

அவள் தேர்ச்சி பெற்றுவிட்டாள். இப்போது தாலுகா அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். நான் இன்னும் வளையங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செய்தி கேட்ட அன்று பொறாமை வரவில்லை என்றால் பொய். அன்று நான் 'சரிதான்' என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவள் முதல் முறையே போயிருப்பாளோ என்ற நினைப்பு, அந்தப் பொறாமையைவிட ஆழமாக எனக்குள் இன்றும் இருக்கிறது.